நாலந்தாவை நாடிய சீனத் துறவிகளின் பயண ஆயத்தம்

கல்வியின் பொருட்டுத் தாயகம் விட்டு வேற்றுநாடு செல்வோர் இக்காலத்தில் மிகப் பலர். அவர்க்குக் கடவுச்சீட்டு வழங்க அரசினர் உளர். மொழித்தேர்வு நடாத்த நிறுவனங்கள் உள. சேருமிடத்தில் தங்குவதற்கு விடுதிகள் உள. கடலையும் மலையையும் ஒரு பகலிற் கடத்திவிட வானூர்திகள் உள. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத காலத்தில், திரும்பி வருவோம் என்ற உறுதியும் இல்லாமல், நூல்களைத் தேடி இந்தியாவுக்குச் சென்ற சீனத் துறவிகளின் வரலாறு அறியத்தக்கது. அவர்கள் கண்ட நாடுகளைப் பற்றியும் அந்நாடுகளின் அரசர்களைப் பற்றியும் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஆனால், புறப்படுமுன் அவர்கள் எவ்வாறு தம்மை ஆயத்தம் செய்தனர் என்பது பெரும்பாலும் ஆராயப்படுவதில்லை. பாகியன், யுவான் சுவாங், இட்சிங் என்னும் மூவரின் பயணங்களையும் ஒப்பிட்டு நோக்கின், முந்நூறு ஆண்டுக் காலத்தில் அந்த ஆயத்தம் தனியொருவர் மனவுறுதி என்ற நிலையிலிருந்து, பின்வரும் மாணாக்கர்க்கெல்லாம் உதவும் ஒழுங்கு என்ற நிலைக்கு வளர்ந்தமை புலனாகும்.

குறை உணர்தல்

எந்த ஆயத்தத்துக்கும் முதற்படி, தம்மிடம் இல்லாதது யாது என அறிதலேயாம். கி. பி. 399 ஆம் ஆண்டிற் சங்கான் நகரிலிருந்து புறப்பட்ட பாகியன் இதனைத் தெளிவாக அறிந்திருந்தார். சீனத்தில் அக்காலத்தில் வழங்கிய விநய நூல்கள், அதாவது துறவியரின் ஒழுக்கத்தை வகுத்துரைக்கும் நூல்கள், குறைவுபட்டனவாயும் சிதைந்தனவாயும் இருந்தன. முழு நூல்களைத் தேடிக் கொணர்வதே அவர் நோக்கம். நோக்கம் தெளிவாயிருந்ததேயன்றி, வேறு ஆயத்தம் மிகுதியாக இருந்ததாகத் தெரியவில்லை. துறவிகள் சிலர் துணை வந்தனர். பாலைவனத்தில் வழிகாட்டியவை இறந்தோரின் எலும்புகளே.

மொழியை அவர் கற்றது நாட்டை அடைந்த பின்னரே. வட இந்தியாவில் விநய நூல்கள் ஆசிரியர் வாய்மொழியாகவே வழங்கிவந்தன. ஏட்டில் எழுதியவை கிடைத்தில. பாடலிபுத்திரம் வந்த பின்னரே எழுதிய நூல்கள் கிடைத்தன. அங்கு மூன்றாண்டுகள் தங்கி வடமொழி பயின்று நூல்களைப் படியெடுத்தார். சங்கானிலிருந்து மத்திய இந்தியாவை அடைய ஆறாண்டுகள், தங்கியது ஆறாண்டுகள், திரும்ப மூன்றாண்டுகள் என அவரது நூல் கணக்கிடுகின்றது. உடன் வந்தோருள் ஒருவர் பனிமலையில் உயிர் நீத்தார். மற்றொருவர் இந்தியாவிலேயே தங்கிவிட்டார்.

தனித்து எஞ்சிய பாகியன் கடல்வழியாக இலங்கை வந்து ஈராண்டுகள் வாழ்ந்தார். அநுராதபுரத்து அபயகிரி விகாரையிற் பச்சைக்கல்லாலான புத்தர் திருவுருவின் முன், வணிகன் ஒருவன் சீனத்து வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டபோது, அவர் கண்கள் நீர் சொரிந்தன. பல்லாண்டுகளாகத் தாய்மொழியில் உரையாட ஒருவருமில்லை. உடன் வந்தோர் பிரிந்தும் இறந்தும் போயினர். தன் நாட்டின் பொருளாக ஒரு விசிறியே எதிரில் நின்றது. வழிக்கு உணவையும் உடையையும் சேர்த்து வைக்கலாம். இத்தகைய வேளைக்கு எவராலும் முன்கூட்டி ஆயத்தம் செய்ய இயலாது என்பதை அவர் வரலாறு காட்டுகின்றது. எனினும் அவர் தளர்ந்தாரல்லர். தேடி வந்த நூல்களுள் சிலவற்றை இலங்கையிலேயே பெற்று, 412 ஆம் ஆண்டிற் சீனக் கரையை அடைந்தார்.

தன்னைத் தானே சோதித்தல்

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் யுவான் சுவாங் புறப்பட்டார். சீனத்தின் பல ஊர்களிலும் ஆசிரியர் பலரிடம் பாடம் கேட்டவர் அவர். ஒரே நூலுக்கு ஆசிரியர்கள் வெவ்வேறு பொருள் கூறியமையால் ஐயம் மிகுந்தது. மூலநூல்களை, அவற்றை வழிவழியாகக் கற்பிக்கும் ஆசிரியர்களிடமே கேட்டல் வேண்டும் எனத் துணிந்தார். எல்லை கடத்தல் அரசாணையால் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. அவரும் நண்பர்களும் விண்ணப்பித்தனர், அனுமதி மறுக்கப்பட்டது. நண்பர்கள் ஒதுங்கினர், அவர் ஒருவரே எண்ணத்தைக் கைவிட்டிலர்.

புறப்படுமுன் அவர் செய்த ஆயத்தங்கள் இரண்டு குறிப்பிடத்தக்கன. தலைநகரில் வாழ்ந்த பிறநாட்டாரை அணுகி அவர்தம் எழுத்தையும் பேச்சையும் கற்றுக்கொண்டது ஒன்று. வழியில் வரக்கூடிய துன்பங்களை நினைத்து, பலவகை வருத்தங்களைத் தாமே வலிந்து ஏற்றுத் தம் மனம் தாங்குமா எனச் சோதித்தறிந்தது மற்றொன்று. பின்னர் 629 ஆம் ஆண்டளவில், பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் மேற்கெல்லையை அடைந்தார்.

எல்லையில் நிகழ்ந்த ஒன்று நினைவில் நிறுத்தற்குரியது. முதியவர் ஒருவர், யுவான் சுவாங்கின் இளங்குதிரை இவ்வழிக்கு உதவாது எனக் கூறி, தமது மெலிந்த கிழட்டுச் செங்குதிரையை மாற்றாகக் கொடுத்தார். அக்குதிரை பாலைவனத்தைக் கடந்து ஹாமி நகருக்கு 15 முறை சென்று வந்தது. பாலையில் நீர்ப்பை கைதவறி வீழ்ந்து நீர் முழுவதும் மணலிற் போயிற்று. நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீருமின்றி வாடிய துறவியை, தானே வழி விலகி நடந்து, புல்லும் குளமும் உள்ள இடத்திற் சேர்த்தது அக்குதிரையே. முன்னர் அவ்வழி சென்று வந்த அறிவு, அழகிய குதிரையினும் நல்ல துணை என்பது இதனால் விளங்கும்.

துர்பான் பகுதியிலிருந்த காவ்சாங் நாட்டு மன்னன் அவரை வரவேற்றுத் தன் நாட்டிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினான். அவர் உண்ணாநோன்பு இருந்து அவன் எண்ணத்தை மாற்றினார். மனம் மாறிய மன்னன் அளித்த பொருள்களின் பட்டியல் அக்காலத்து நெடும்பயணத்துக்கு வேண்டியவை யாவை என்பதைக் காட்டுகின்றது: 100 அலகு பொன், 30,000 வெள்ளி நாணயம், 500 சுருள் பட்டு, 30 குதிரைகள், 25 பணியாட்கள், குளிருக்கு முகத்திரைகள், கையுறைகள், காலணிகள், வழியிலுள்ள 24 நாட்டு அரசர்க்கும் தனித்தனித் திருமுகங்கள். இருபது ஆண்டுப் போக்குவரத்துக்கு இவை போதும் எனக் கணக்கிட்டே மன்னன் வழங்கினான். திரும்பும்போது காவ்சாங்கில் மூன்றாண்டு தங்குவதாகத் துறவி வாக்களித்தார். அவர் 645 ஆம் ஆண்டு 657 நூல்களுடன் சங்கான் மீண்டபோது அம்மன்னனும் இல்லை. அவன் நாடும் 640 ஆம் ஆண்டிலேயே சீனப் பேரரசில் அடங்கிவிட்டது.

நாலந்தாவின் வாயில்

இத்துணை இடரையும் கடந்து நாலந்தாவை அடைந்த ஒருவர்க்கு இறுதித் தடையொன்று அங்கு காத்திருந்தது. பெருங்கழகத்தில் விவாதத்திற் கலந்துகொள்ள வரும் அயலாரை, வாயிற் காவலர் கடினமான வினாக்களைக் கேட்டுச் சோதிப்பர். விடை கூற இயலாதார் வந்த வழியே திரும்புவர். பழைய நூலும் புதிய நூலும் ஆழக் கற்றவரே உள்ளே செல்வர் எனவும், பதின்மரில் எழுவர் எண்மர் தோற்றுப் போவர் எனவும் யுவான் சுவாங் எழுதியுள்ளார்.

உள்ளே சென்றவர்க்குப் பொருட் கவலை இல்லை. கழகத்துக்கு அரசர்கள் விட்ட ஊர்களின் வருவாயால் உணவும் உடையும் மருந்தும் உறையுளும் கிடைத்தன. பிற்காலத்தில் அங்கு பயின்ற இட்சிங், 3,000 பேருக்கு மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர் எனவும், 200 க்கு மேற்பட்ட ஊர்கள் அதற்கு உரியனவாயிருந்தன எனவும் கூறுகிறார். யுவான் சுவாங் மதிப்புக்குரிய விருந்தினராகையால் அவருக்கு நாள்தோறும் 20 பாக்கும் உயர்ந்த மகாசாலி அரிசியும் அளந்து கொடுக்கப்பட்டன. காஞ்சிபுரத்திற் பிறந்து நாலந்தாவிற் பெருமை பெற்ற தருமபாலரின் மாணவராகிய சீலபத்திரரே அங்கு அவருக்கு ஆசிரியர். ஆகவே, நாலந்தாவுக்குச் செல்லும் மாணாக்கன் கொண்டுசெல்ல வேண்டியது பொன்னன்று. அந்த வாயிலில் நின்று வடமொழியில் விடை கூறும் ஆற்றலேயாம். இதனை நன்கு உணர்ந்து செயற்பட்டவர் இட்சிங்.

இட்சிங்கின் புறப்பாடு

இட்சிங் 635 ஆம் ஆண்டிற் பிறந்தவர். இளமையில் அரும்பிய பயண எண்ணம் 37 ஆவது வயதிலேயே கைகூடியது. இடைப்பட்ட ஆண்டுகள் வீண்போகவில்லை. விநய நூல்களை ஐந்தாண்டுகள் ஆழக் கற்றார். பின்னரே ஏனைய நூல்களுட் புகுந்தார். 670 ஆம் ஆண்டிற் சங்கானிலே துறவிகள் சிலர் அவருடன் வர உடன்பட்டனர். ஆனால் ஒருவர்க்கு முதிய தாய் இருந்தாள். அவளை விட்டுச் செல்ல மனம் ஒருப்படவில்லை. மற்றொருவர் வேறொரு நெறியிற் பற்றுக்கொண்டு நின்றுவிட்டார். ஏனையோரும் ஒவ்வொருவராக விலகினர். இறுதியில் ஷான்சிங் என்னும் இளந்துறவி ஒருவரே துணையாயினார்.

புறப்படுமுன் அவர் தம் ஊருக்குச் சென்றார். தம்மை வளர்த்த ஆசிரியர்களுள் ஒருவர் உயிருடன் இருந்தார். அவரிடம் தம் கருத்தைக் கூறி விடை பெற்றார். மற்றையவர் முன்னரே இறந்துபோனவர். அவர் கல்லறைக்குச் சென்று, சுற்றிலும் மரங்கள் வளர்ந்திருந்த அவ்விடத்தில் வணங்கி, தாம் செல்லவிருப்பதை அறிவித்து, அருள் வேண்டினார். பயணச் சுமையில் எழுதப்படாத பொருள் இது.

671 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற் குவாங்சௌ துறைமுகத்தில் அரசாங்க அலுவலர் ஒருவர் அவருக்கு ஆதரவளித்தார். அவர் குடும்பத்தார் வழிக்கு வேண்டிய பொருள்களை உதவினர். பாரசீக மரக்கலம் ஒன்றின் தலைவனுடன் நாள் குறிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் பதினோராம் மாதத்திற் கலம் தெற்கு நோக்கிப் பாய் விரித்தது. பாலைவழியை விட்டுக் கடல்வழியைத் தேர்ந்தமையால் அவருக்குக் கிடைத்த பெரும் பயன் ஒன்று உண்டு. இருபது நாளுக்குள் அவர் ஸ்ரீவிஜயத்தை அடைந்தார்.

இடைவழிக் கல்வி

சுமாத்திராத் தீவில், இன்றைய பலம்பாங் நகரை அடுத்து விளங்கிய ஸ்ரீவிஜயம், சீனத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே வாணிகக் கலங்கள் தங்கும் துறையாகவும், ஆயிரத்துக்கு மேற்பட்ட பௌத்தத் துறவிகள் வாழும் கல்வியிடமாகவும் இருந்தது. மத்திய இந்தியாவிற் கற்பிக்கப்படும் நூல்களே அங்கும் கற்பிக்கப்பட்டன. ஒழுக்க முறைகளும் வேறுபட்டில. இட்சிங் அங்கு ஆறு மாதம் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். துணை வந்த இளந்துறவி நோயுற்று அங்கிருந்தே நாடு திரும்பினார். இட்சிங் தனியரானார்.

அந்நாட்டு மன்னன் உதவியுடன் மலாயு சென்று இரு மாதம் தங்கி, தமிழர் கடாரம் எனப் பெயரிட்டழைத்த கெடாவை அடைந்தார். அங்கிருந்து வடக்கே பத்து நாட்கள் சென்று, சோழர் கல்வெட்டுக்கள் நக்கவாரம் எனக் குறிக்கும் நிக்கோபார்த் தீவுகளைக் கண்டார். அத்தீவினர் இரும்பையே விரும்பினர். இரு விரலளவு இரும்புக்கு ஐந்து அல்லது பத்துத் தேங்காய் கொடுத்தனர். 673 ஆம் ஆண்டு இரண்டாம் மாதத்தில் வங்கக் கரையிலுள்ள தாமிரலிப்தித் துறையில் இறங்கினார்.

இறங்கியவுடன் அவர் நாலந்தாவுக்கு விரைந்தாரல்லர். மகாயானப்பிரதீபர் என வடமொழிப் பெயர் பூண்ட சீனத் துறவியொருவர் தாமிரலிப்தியில் நெடுங்காலம் வாழ்ந்திருந்தார். யுவான் சுவாங்கின் மாணவர்களுள் ஒருவர் அவர். அவருடன் மேலும் ஓராண்டு தங்கி இட்சிங் மொழியைப் பயின்றார். இந்தியச் சிறுவர் ஆறு வயதில் எழுத்துப் பயிலத் தொடங்கி, எட்டு வயதிற் பாணினியின் சூத்திரங்களை எட்டு மாதத்தில் மனனம் செய்வர் என அவர் பின்னர் எழுதினார். அச்சிறுவர் கற்ற அதே பாடத்தை, நாற்பதை அண்மிய வயதில் அயல்மொழியாளர் ஒருவர் தொடங்கியது எளிதாயிருந்திராது. பாணினியின் நூலுக்கு எழுந்த விருத்தியுரையைச் சீன மாணாக்கர் முதலிற் கற்றுக்கொள்ளாராயின், ஏனைய கல்வியிற் செலுத்தும் உழைப்பெல்லாம் வீணாகும் என்ற அவரது எச்சரிக்கை, பட்டறிவின் பயனென்றே கொள்ளல் தகும்.

ஆயத்தத்தின் எல்லை

நன்கு ஆயத்தம் செய்தவர்க்கும் வழி இடர் தருவதே. மத்திய இந்தியாவை நோக்கி வணிகர் பலருடன் சென்றபோது, மகாபோதிக்குப் பத்து நாள் வழி இருக்கையில் இட்சிங் நோயுற்றார். கூட்டம் முன்சென்றது. மாலைப்பொழுதிற் கள்வர் சூழ்ந்து உடையையும் பறித்தனர். வெண்ணிறத்தாரைப் பிடித்துத் தெய்வத்துக்குப் பலியிடுவர் என்ற செய்தி முன்னரே அவர் காதில் விழுந்திருந்தது. அவர் சேற்றுக் குழியில் இறங்கி உடல் முழுதும் சேறு பூசி, இலைகளால் மறைத்துக்கொண்டு, கோலூன்றி மெல்ல நடந்தார். இரவு இரண்டாம் சாமத்தில், ஊர்ப்புறத்தே நின்று தம்மைக் கூவியழைக்கும் மகாயானப்பிரதீபரின் குரலைக் கேட்டார்.

அவர் தப்பினார்; பலர் தப்பவில்லை. தாங் வமிசக் காலத்தில் நூல் தேடி மேற்குச் சென்ற துறவிகள் ஏறத்தாழ அறுபதின்மர் வரலாற்றை இட்சிங் தனி நூலாகத் தொகுத்தார். அவர்களுட் சீனர் மட்டுமன்றிக் கொரியரும் வேறு நாட்டாரும் உளர். நோயால் மாண்டோர், கடலில் மூழ்கியோர், நாலந்தாவிலேயே உயிர் நீத்தோர் எனப் பலர் வரலாறு முடிகின்றது. சாங்மின் என்பவர் ஏறிய வணிகக்கலம் மூழ்கும்போது, சிறு தோணியில் வந்து ஏறுமாறு கலத்தலைவன் அழைத்தான். பிறரை ஏற்றுமாறு கூறி, அவர் கைகூப்பிய வண்ணம் தம் மாணவனுடன் கடலில் அமிழ்ந்தார். மகாயானப்பிரதீபரும் சீனம் மீளவில்லை. குசிநகரில் உயிர் துறந்தார். இவர்களுள் எவரும் முயற்சியிற் குறைந்தவரல்லர். அவர்தம் பெயர்கள் மறையாதிருக்க வேண்டும் என்பதே இட்சிங் அந்நூலை எழுதியதன் நோக்கமாகத் தோன்றுகின்றது.

பின் வருவோர்க்கு

நாலந்தாவிற் பத்தாண்டுகள் கற்று, 685 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 400 நூல்களுடன் அவர் ஸ்ரீவிஜயம் மீண்டார். அங்கிருந்தே மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். தாளும் மையும் படியெடுப்போரும் போதவில்லை. 689 ஆம் ஆண்டில், இவற்றை வேண்டிக் குவாங்சௌவுக்குக் கடிதம் அனுப்பத் துறையில் நின்ற கலத்தில் ஏறினார். அவ்வேளை நற்காற்று வீசவே கலம் பாய் விரித்துப் புறப்பட்டுவிட்டது. எண்ணாமலே தாய்நாடு சேர்ந்தவர், நூல்கள் ஸ்ரீவிஜயத்தில் இருந்தமையால், அதே ஆண்டிற் புதிய உதவியாளர் நால்வருடன் திரும்பிச் சென்றார்.

அங்கிருந்து அவர் எழுதியனுப்பிய நூல்களுள் ஒன்று, தென்கடல் நாடுகளிலும் இந்தியாவிலும் வழங்கும் பௌத்த ஒழுக்கங்களை 40 அதிகாரங்களிற் கூறுவது. உண்ணுமுன் கை கால் கழுவுதல், தனித்தனிச் சிறு இருக்கையில் அமர்ந்து உண்ணல், பற்குச்சி பயன்படுத்தல், நீரைத் துணியால் வடித்துக் குடித்தல், ஆசிரியரை வணங்கும் முறை, நோய்க்கு மருந்து, இலக்கணம் கற்கும் வரிசை ஆகியன அதில் விரிவாகக் காணப்படுகின்றன. இவற்றைச் சிறு செய்திகள் எனக் கருதுதல் கூடாது. அயல்நாட்டில் ஒரு மாணாக்கன் தலைகுனிய நேர்வது பெரும்பாலும் பெரிய நூல்களாலன்று. எங்கே அமர்வது, எப்படி உண்பது என்பன தெரியாமையாலேயே. சீனத் துறவி ஒருவர் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டு தங்கி முறைகளைப் பயின்று, அதன் பின்னரே மத்திய இந்தியா செல்வது நன்று என்பது மற்றொரு நூலில் அவர் கூறிய அறிவுரை. அவர் தாம் முதலில் அங்கு தங்கியது ஆறு மாதமே. குறைந்த காலத்தைத் தாமிரலிப்தியில் ஈடுசெய்ய வேண்டியிருந்தது. தமக்கு நேர்ந்த குறை பின் வருவோர்க்கு நேராதிருக்கவே காலத்தை நீட்டிக் கூறினார் எனக் கொள்ளலாம்.

உறையுளைப் பற்றியும் அவர் கவலை கொண்டார். இந்தியாவிற் பல நாட்டார்க்குச் சொந்த விகாரைகள் இருந்தன. சீனர்க்கென முற்காலத்தில் ஓரரசன் அமைத்த விகாரையோ பாழடைந்து கிடந்தது. இதற்கு மாறாக, புத்தகயையில் இலங்கை மன்னன் எழுப்பிய விகாரையில் இலங்கைத் துறவிகள் தங்கிவந்ததை அவர் குறிப்பிடுகிறார். அந்த விகாரையின் தோற்றமும் இத்தகைய துன்பத்திலிருந்தே பிறந்தது. நான்காம் நூற்றாண்டிற் புத்தகயைக்குச் சென்ற இலங்கைத் துறவிகள் தங்க இடமின்றி அல்லலுற்றதை அறிந்த ஸ்ரீ மேகவண்ணன், சமுத்திரகுப்தனிடம் பரிசுகளுடன் தூதனுப்பி அனுமதி பெற்று, போதிமரத்தின் அருகே அதனைக் கட்டுவித்தான். ஒருவர் பட்ட அல்லல் அடுத்தவர்க்கு வீடாகியது. இவ்வாறே சீனர்க்கும் ஒரு விகாரை அமைக்குமாறு அரசை வேண்டி, இட்சிங் 692 ஆம் ஆண்டிற் தாசின் என்னும் துறவியைத் தம் நூல்களுடன் சங்கானுக்கு அனுப்பினார்.

695 ஆம் ஆண்டில் இட்சிங் லோயாங் நகரை அடைந்தபோது, பேரரசி வூ நகர வாயிலுக்கு வெளியே வந்து அவரை வரவேற்றாள். 713 ஆம் ஆண்டில் மறையும்வரை மொழிபெயர்ப்பிலும் கற்பித்தலிலும் ஈடுபட்டார். அவர் மொழிபெயர்த்த நூல்கள் 56 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. நீர் வடித்தல், தூய்மை பேணல் முதலிய ஒழுக்கங்களை அவரிடம் கற்ற மாணவர்கள் தலைநகரங்களில் அவற்றைப் பரப்பினர்.

பாகியன் குறையை அறிந்து புறப்பட்டார். யுவான் சுவாங் தம்மைச் சோதித்துப் புறப்பட்டார். இட்சிங் இவ்விரண்டையும் செய்ததோடு, தாம் நடந்த வழியைப் பிறர்க்கு வகுத்தும் வைத்தார். பதினைந்து முறை பாலை கடந்த அந்தக் கிழட்டுக் குதிரை யுவான் சுவாங்கிற்குச் செய்ததை, இட்சிங்கின் நூல்கள் அவருக்குப் பின் கலமேறிய மாணாக்கர்க்குச் செய்தற்கென எழுந்தன. வேற்றுநாடு சென்று கற்று மீள்வோர் கொண்டுவரும் பட்டத்துடன், சென்ற வழியைப் பற்றிய உண்மையான செய்தியையும் தம் ஊர் இளைஞர்க்குக் கூறுவாராயின், இட்சிங் தொடங்கிய பணி அவர்களாலும் தொடரும்.